வண்டிக் கூரை ஒழுகுகிறதா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் பல வருடம் வேன், லாரி, கேரவன் பாடி வேலை பார்த்தவன் நான். ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஒழுகும் கூரைதான் பாதி வேலை. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 170 நாள் மழை பெய்கிறது. கூரையில் ஊசிமுனை அளவு வழி இருந்தாலும் தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிடும். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

ஈசூனிலிருந்து: அண்ணே, பழைய வேன் ஒன்றைக் கேம்பராக, அதாவது உள்ளேயே படுத்துத் தங்கும் வண்டியாக, மாற்றி வைத்திருக்கிறேன். மழை வந்தால் படுக்கைக்கு நேர் மேலே சொட்டுகிறது. அதே இடத்தில் வெளியே ஏறி மூன்று முறை சிலிக்கான் பூசிவிட்டேன். நிற்கவே இல்லை.

தம்பி, சொட்டுகிற இடமும் தண்ணீர் நுழைகிற இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். வெளித் தகரத்துக்கும் உள் சீலிங்குக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. முன்னால் காற்றாடி பொருத்திய ஓட்டையில் நுழைந்த நீர் கூரைச் சட்டத்தை ஒட்டியோ வயரைப் பிடித்துக்கொண்டோ நாலைந்து அடி ஓடி, எங்கே தாழ்வோ அங்கே விழும். வண்டியை நிறுத்தும் சாய்வை மாற்றிப் பாருங்கள், சொட்டும் இடமும் மாறும். மாறினால் தண்ணீர் உள்ளே ஓடிவருகிறது என்று அர்த்தம்.

முதலில் உள்ளே முடிந்தவரை சீலிங் பலகையைக் கழற்றிவிடுங்கள். அந்தப் பக்கம் 12 வோல்ட் விளக்கு வயர் போனால் பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். நீங்கள் வெளியே ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். கீழேயிருந்து மேலே போக வேண்டும்: முதலில் ஜன்னல் விளிம்பு, அப்புறம் பக்கவாட்டு மூட்டு, கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம். எடுத்த எடுப்பில் கூரை முழுவதும் நனைத்தால் எது வழி என்று தெரியாமலே போய்விடும். பிரஷர் வாஷர் மட்டும் வேண்டாம். மழை நுழையாத இடத்திலும் அது தண்ணீரைத் தள்ளிவிடும், நல்ல மூட்டைக்கூடப் பெயர்த்துவிடும்.

சந்தேகமான மூட்டு ஐந்தாறு இருந்தால் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து தண்ணீர் விடுங்கள். இது பொறுமையைச் சோதிக்கும், ஆனால் தவறாது. கூரையில் ஏறும்போது பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள். ஈரத் தகரம் வழுக்கும்.

நீங்கள் பூசிய சிலிக்கான் மூன்று அடுக்கையும் சுரண்டி எடுத்தாக வேண்டும். அது அடியில் இருக்கும் வழியை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

ஜோகூரில் கேரவன் வைத்திருக்கும் உட்லண்ட்ஸ் குடும்பம்: அப்படியானால் எந்தப் பசை வாங்குவது? கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது.

இரண்டு வேலைக்கு இரண்டு பொருள். காற்றாடி, ஸ்கைலைட், ஏர்கான், விளக்கு எதுவாக இருந்தாலும் அதன் விளிம்புக்கு அடியில் போவது பியூட்டில் டேப் என்னும் ஒட்டும் ரப்பர் பட்டை. அது காய்ந்து இறுகாது, மாவு மாதிரி நெகிழ்ந்தே இருக்கும். ஸ்க்ரூ முடுக்கும்போது நான்கு பக்கமும் சிறிது பிதுங்கி வர வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி ஒரு சுற்று லேசாக முடுக்குங்கள். பிதுங்கியதை வெட்டிவிட்டு விளிம்பின்மேலும் ஸ்க்ரூ தலைகளின்மேலும் போடுவது லேப் சீலன்ட் (கூரை மூட்டை மேலிருந்து மூடும் பசை) அல்லது பாலியூரத்தேன் பசை.

வீட்டுக் குளியலறை சிலிக்கானைக் கூரைக்குக் கொண்டுவராதீர்கள். அதன்மேல் பிற்பாடு வேறு எதுவும் ஒட்டாது. பெயின்ட் ஒட்டாது, புது சிலிக்கானே சரியாக ஒட்டாது. தார் பூசிய டேப்பும் வேண்டாம், நம் வெயிலில் இளகி வழியும். கூரை ரப்பரா, ஃபைபர்கிளாஸா, அலுமினியமா என்று முதலில் பார்த்துவிட்டு, டப்பாவில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். ரப்பர் கூரையில் பெட்ரோலியம் கலந்த கிளீனர் பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.

பொங்கோல்: மழையே இல்லாத இரவிலும் சீலிங் நனைகிறது. இது என்ன கணக்கு?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. நிறையப் பேர் இதை ஒழுகல் என்று நினைத்து நல்ல கூரையைக் கெடுத்துவிடுகிறார்கள். ஏர்கான் ஓடும்போது மட்டும் சொட்டினால் அதன் தண்ணீர் வெளியேறும் துவாரம் அடைத்திருக்கும், அல்லது கூரைக்கும் ஏர்கானுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட், அதாவது நீர் புகாமல் அடைக்கும் மெத்தை வளையம், நசுங்கியிருக்கும். ஏர்கானைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை உள்ளேயிருந்து சமமாக முடுக்கிப் பாருங்கள், அளவுக்கு மேல் வேண்டாம்.

ஏர்கானில் கோளாறு இல்லை என்றால் ஆவி நீர்தான். இருவர் ஓர் இரவு தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டருக்குக் குறையாமல் ஈரம் வெளியேறும். குளிரான கேமரன் மலைக்குப் போய் ஜன்னலை இறுக மூடிக்கொண்டு படுத்தால் காலையில் தகரம் முழுக்க முத்து முத்தாக நீர் நிற்கும். சிங்கப்பூரில் இதற்கு நேர்மாறு: உள்ளே ஏர்கான் குளிர், வெளியே ஈரக்காற்று. அந்தக் காற்று சீலிங் இடைவெளிக்குள் புகுந்து குளிர்ந்த பலகையின் முதுகில் நீராகிறது.

எது என்று தெரிய ஒரு வழி: சீலிங்கில் ஓர் அடி சதுரத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாள் தாளின் வெளிப்பக்கம் ஈரமானால் அது அறைக் காற்றில் இருந்து வந்தது. தாளுக்கும் சீலிங்குக்கும் நடுவே ஈரம் என்றால் மேலேயிருந்து வருகிறது: ஒழுகலாகவோ, சீலிங் இடைவெளியில் சேர்ந்த ஆவி நீராகவோ இருக்கலாம்.

தெம்பனிஸ்: எனக்குக் கேம்பர் இல்லை, சன்ரூஃப் வைத்த கார்தான். கார்பார்க்கில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துகிறேன். பெருமழைக்கு அப்புறம் முன் சீட்டுக் கம்பளம் சொதசொதவென்று இருக்கிறது.

மரத்தடி என்றதுமே பாதி விடை வந்துவிட்டது. சன்ரூஃப் கண்ணாடி தண்ணீரை முழுக்கத் தடுப்பதில்லை, தடுக்கவும் வேண்டியதில்லை. உள்ளே ஒரு தட்டு தண்ணீரைப் பிடித்து, மூலைக் குழாய்கள் வழியாகக் கதவோரத் தூண்களுக்குள் இறக்கி வெளியே விடுகிறது. தூங்குமூஞ்சியின் பொடி இலை அந்தக் குழாயை அடைத்துவிடும். சன்ரூஃபைத் திறந்து மூலையில் ஒரு சின்னக் கோப்பை நீரை மெல்ல ஊற்றுங்கள், வண்டிக்கு அடியில் வர வேண்டும். வராவிட்டால் தடித்த நைலான் தூண்டில் கயிற்றை மேலிருந்து மெல்ல விட்டு நகர்த்துங்கள். கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடித்தால் குழாய் உள்ளேயே கழன்றுவிடும், அப்புறம் டாஷ்போர்டையே பிரிக்க வேண்டி வரும்.

ஜூரோங் வெஸ்ட், எலக்ட்ரீஷியன்: ஏணி வைக்க வேன் கூரையில் ராக் (தாங்கும் சட்டம்) போட்டேன். எட்டு ஸ்க்ரூ. இப்போது அங்கே ஒழுகுகிறது, மேலே சீலன்ட் பூசினால் போதுமா?

எட்டையும் கழற்றுங்கள். துருவைச் சுரண்டி, ஓட்டை விளிம்பில் துருத்தடுப்புப் பெயின்ட் அடித்துக் காயவிட்டு, ராக் காலுக்கு அடியில் பியூட்டில் வைத்து மறுபடி மாட்டுங்கள். மேலே மட்டும் பூசினால் ஏணியின் ஆட்டத்தில் ஒரே மாதத்தில் பிளந்துவிடும்.

நியூசிலாந்து பயணத்தில் இருக்கும் ஒரு அக்கா: வாடகைக் கேம்பர். நேற்றிரவு மழையில் ஒழுகியது.

அக்கா, நீங்கள் எதையும் ஒட்ட வேண்டாம். படம் எடுத்து, நேரம் குறித்து, வாடகைக்குக் கொடுத்தவர்களுக்கு இன்றைக்கே தெரிவியுங்கள். ராத்திரிக்கு வண்டியைச் சாய்வாக நிறுத்தி, சொட்டும் இடம் படுக்கையை விட்டு விலகும்படி பாருங்கள்.

மறுபடி உட்லண்ட்ஸ் குடும்பம்: கூரை மூலையில் விரலால் அழுத்தினால் மெத்து மெத்தென்று இருக்கிறது.

மன்னிக்கவும், இது வருத்தமான செய்திதான். உள்ளே பிளைவுட் ஊறிவிட்டது. ஊசி வைத்த ஈரமானி வாங்கிக் குத்திப் பாருங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் மரம் நலம். 20-ஐத் தாண்டினால் ஈரம் குடியிருக்கிறது. அந்த இடத்திலிருந்து நாலு திசையிலும் குத்திக்கொண்டே போய், எங்கே எண் இறங்குகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டின் வடிவமே தண்ணீர் எந்த மூட்டிலிருந்து வந்தது என்று காட்டிவிடும். மக்கிய பலகையை வெட்டி எடுக்கத்தான் வேண்டும். மேலே அழகாக ஒட்டி மூடினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, பூஞ்சை பிடித்து, பிள்ளைகள் தூங்கும் இடத்தில் அந்த வாடை நிற்கும். வெட்டிய பின் டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி) போட்டு, ஈரமானி 15-க்குக் கீழே காட்டும்வரை காத்திருங்கள்.

செங்காங்: தினமும் மதியம் மழை. எப்போது பூசுவது?

காலையில், கூரை சுடுவதற்குள். கொதிக்கும் தகரத்தில் பூசினால் குமிழி வரும். முந்தின இரவு தார்ப்பாய் போட்டு மூடுங்கள். காலையில் துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, அது ஆவியானதும் பூசுங்கள். பாலியூரத்தேன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், அதனால் நம் ஊர்க் காற்று அதற்கு நல்லதே. மேலே தோல் கட்டியபின் சின்னத் தூறல் ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு நாளில் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும், ஆகவே தடியாகப் போட்ட இடத்தை மூன்று நாள் தொடாதீர்கள்.