அப்பத்தாவிடம் மட்டும் ஏன் அடங்குகிறான்?

கேள்வி: எங்கள் மகனுக்கு 4 வயது. கேட்டது அந்த நிமிடமே கைக்கு வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தரையில் புரண்டு ஊரைக் கூட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லித்தான் வாரம் முழுக்கச் சமாளிக்கிறோம் (வேலை மிகுதியால் போக முடிவதில்லை). அமெரிக்காவில் நடந்த மிட்டாய்ச் சோதனையை யூடியூபில் பார்த்துவிட்டு, ஒரு லட்டை அவன் முன்னால் வைத்து, 'கால் மணி நேரம் தொடாமல் இருந்தால் இன்னொன்று' என்றேன். ஒரே நிமிடத்தில் தின்றுவிட்டான். அப்பத்தாவிடம் மட்டும் எப்படியோ அடங்கி இருக்கிறான். பிற்காலத்தில் படிப்பு கெடுமோ என்று பயமாக இருக்கிறது. பொறுமையைக் கற்றுக்கொடுக்க ஒரு மாத வகுப்பு ஏதும் உண்டா?
- ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: முதலில் லட்டு வழக்கிலிருந்து உங்கள் மகனை விடுதலை செய்துவிடுகிறேன். அந்தச் சோதனையைப் பிரபலமாக்கியவர் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து நர்சரிப் பள்ளியில் அவர் சோதித்த பிள்ளைகளும் உங்கள் மகன் வயதுதான். 1970-இல் வெளியான அவரது ஆய்வில், தின்பண்டங்கள் கண்ணெதிரே இருந்தபோது பிள்ளைகள் காத்திருந்தது சராசரியாக ஒரு நிமிடம். கண்ணில் படாமல் எடுத்து வைத்தபோது 11 நிமிடத்துக்கும் மேல். பொறுமைசாலிகள் என்று பெயரெடுத்த பிள்ளைகளும் வேறொன்றும் செய்யவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள், கைவிரலோடு விளையாடினார்கள். நீங்கள் லட்டை மூக்குக்கு நேரே வைத்துவிட்டு, அவன் ரிஷியாக இருப்பான் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள்.

படிப்பு கெடும் என்ற பயமும் வேண்டாம். அன்று காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் தேர்வுகளில் கூடுதல் மதிப்பெண் வாங்கியதாக 1990-இல் ஒரு கட்டுரை வந்தது. உங்கள் யூடியூப் காணொளிகள் அதைத்தான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கின்றன. 2018-இல் 900-க்கும் அதிகமான குழந்தைகளை வைத்து மறுபடி பார்த்தார்கள். தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பத்தின் வசதி, தாயின் படிப்பு போன்றவற்றையும் கணக்கில் எடுத்தபோது மிச்சமும் பெரும்பாலும் காணாமல் போனது.

இனி உங்கள் கடிதத்துக்கு வருவோம். அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. படம் வரையப் பழைய கிரேயான்களைக் கொடுத்து, 'கொஞ்சம் இரு, நல்ல கிரேயான் கொண்டு வருகிறேன்' என்று சொல்லிவிட்டு ஒருவர் வெளியே போவார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பேருக்கு, 'மன்னிச்சுக்கோ, தீர்ந்துபோச்சு'. ஸ்டிக்கர் விஷயத்திலும் இதே நாடகம் இன்னொரு தடவை. அதற்குப் பிறகுதான் மிட்டாய். சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடம். இந்த வித்தியாசத்தை உண்டாக்க இரண்டே இரண்டு பொய்கள் போதுமாக இருந்தன. உங்கள் வீட்டில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் ஆயிற்று?

ஆகவே, அவன் லட்டை உடனே தின்றது பொறுமையின்மை என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா 'அப்புறம்' என்றால் அது வராது என்று கண்டுபிடித்திருக்கிறான். கையில் இருப்பதைத் தின்றுவிடுவதுதான் அவனுடைய நிலைமையில் புத்திசாலித்தனம். நீங்களும் நானும் சம்பளம் தராத முதலாளியிடம் அடுத்த மாதம் வரை பொறுப்போமா?

அப்பத்தாவிடம் அடங்குவதன் ரகசியமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். சந்தைக்குப் போய் வரும்போது பொரி வாங்கி வருகிறேன் என்று சொன்னால் முந்தானையில் பொரி வரும். 'தர மாட்டேன்' என்றால் எவ்வளவு கத்தினாலும் வராது. பேரன்கள் அலறுவதை எத்தனையோ பார்த்தவர், அசர மாட்டார். நீங்கள் பத்து நிமிடம் அலறவிட்டுப் பதினோராவது நிமிடம் போனைக் கையில் கொடுக்கிற ரகமோ என்று சந்தேகிக்கிறேன். அப்படியானால் பதினோரு நிமிடம் அழும் பொறுமை அவனுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, அதைச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான்.

காத்திருப்பது பழக்கத்தில் வருவது. 2022-இல் ஜப்பானியக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், தின்பண்டத்துக்கு ஜப்பானியக் குழந்தைகள் அதிக நேரம் காத்திருந்தார்கள்; எல்லோருக்கும் பரிமாறும் வரை சாப்பிடாமல் இருப்பது அங்கே வீட்டு வழக்கம். காகிதம் சுற்றிய பரிசுப்பொருளை வைத்தபோது அமெரிக்கக் குழந்தைகள் முந்திக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும் பரிசைப் பிரிக்காமல் வைத்திருந்து பழகியவர்கள் அவர்கள். நம் வீடுகளிலும் இது இல்லாமலில்லை. பிள்ளையார் சதுர்த்தியன்று கொழுக்கட்டை வாசனை வீடெல்லாம் சுற்றும். சாமி கும்பிடும்வரை வாண்டுகள் அடுக்களைக்கும் பூஜை அறைக்குமாக நடப்பார்களே தவிர, கை வைக்க மாட்டார்கள். கற்பூரம் காட்டியதும் கொழுக்கட்டை நிச்சயம் கிடைக்கும் என்று தெரியும். எந்த வருடமும் அது தவறியதில்லை.

வகுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அப்படி ஒன்று இருந்தாலும் நான் அனுப்பச் சொல்ல மாட்டேன். சேர வேண்டியவர் 4 வயதுக்காரர் இல்லை. 'அஞ்சு நிமிஷம்' என்று அவனிடம் சொல்லாதீர்கள். கடிகாரம் தெரியாதவனுக்கு அஞ்சும் ஐம்பதும் ஒன்றுதான். நாம் சொல்லும் அஞ்சு நிமிஷமும் என்றைக்கு அஞ்சு நிமிஷமாக இருந்திருக்கிறது? 'குக்கர் மூணு விசில் அடிச்சதும் எடுத்துத் தர்றேன்' என்று சொல்லுங்கள். விசிலை அவனே எண்ணட்டும். மூன்றாவது விசிலுக்கு, போனில் யார் இருந்தாலும் வைத்துவிட்டு எழுந்து போய்க் கொடுங்கள். முடியாததை முடியாது என்று அன்றே சொல்லிவிடுங்கள். அழுவான், அழட்டும், பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், திட்ட வேண்டாம், பேரமும் வேண்டாம்.

ஒரு மாதத்தில் சரியாகிவிடுமா என்றால், உத்தரவாதம் தர மாட்டேன். இத்தனை நாள் கேட்ட 'அப்புறம்' எல்லாவற்றையும் அவன் மறக்க வேண்டுமே. தரையில் புரள்வதும் வயதோடு குறையும் சமாச்சாரம்தான். 4 வயதாகியும் வேண்டியதை வாய்விட்டுச் சொல்லப் பேச்சு வராமல் தவித்தாலோ, கோபத்தில் தலையைச் சுவரில் மோதிக்கொண்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டும் இல்லையென்றால், வருகிற ஞாயிறு பூங்காவுக்குப் போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.