கேளுங்கோ அக்காவிடம்: வெளியில் கேட்க முடியாத கேள்விகள்

போன இதழில் "ஆரிடமும் கேட்க முடியாததை எழுதி அனுப்புங்கோ, பெயர் போட மாட்டேன்" என்று சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: மறைவிடத்து முடியை எடுப்பதா விடுவதா, எடுத்தால் எப்படி. இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். வீட்டு ஆம்பிளைகள் கண்ணில் பட்டால் படட்டும், அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிதான்.

கிளிநொச்சி, 25 வயது: ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன் அக்கா. தை மாதம் கலியாணம். கீழே உள்ள முடியை நான் ஒருநாளும் தொட்டதில்லை. எடுக்காவிட்டால் சுத்தமில்லை என்று கூட வேலை செய்கிற பிள்ளைகள் சொல்கிறார்கள். உண்மையா? எடுக்கிறதென்றால் எது நல்லது?

உண்மையில்லை தங்கச்சி. அந்த முடி அழுக்கில்லை. நடக்கும்போதும் சைக்கிள் ஓடும்போதும் தோலோடு தோல் உரசாமல் காப்பது அதுதான். நாற்றம் வருவது வியர்வையில் பெருகும் கிருமிகளால். நாள் முழுக்க மெஷினுக்கு முன்னால் வெக்கைக்குள் இருந்துவிட்டு வருகிற உங்களுக்கு, வீட்டுக்கு வந்ததும் கழுவித் துடைத்து, காய்ந்த பருத்தி உள்ளாடை ஒன்றை மாற்றுவதே முடி எடுப்பதைவிடப் பெரிய சுத்தம். உள்ளே சோப் போட வேண்டாம், வாசனைத் திரவங்களும் வேண்டாம், வெளியே மட்டும் தண்ணீர் போதும்.

ஆனால் இடைஞ்சலாக இருக்கிறது, குறைக்க விருப்பம் என்றால் அதுவும் தப்பில்லை. நான் எல்லாருக்கும் முதலில் சொல்வது கத்தரிப்பதைத்தான். தோலில் எதுவும் படுவதில்லை, காயமில்லை, பருவில்லை, திரும்ப வளரும்போது குத்துவதும் குறைவு. முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை இதற்கென்றே வைத்திருங்கள். முடி காய்ந்திருக்கும்போது, பகல் வெளிச்சத்தில், ஒரு கண்ணாடியை நிலத்தில் வைத்துக்கொண்டு, சீப்பால் தூக்கிப் பிடித்து சீப்புக்கு வெளியே நிற்பதை மட்டும் வெட்டுங்கள். அரைச் சென்ரிமீற்றர் அளவுக்கு நின்றால் காணும். கையில் காசிருந்தால் காப்புச் சீப்புப் போட்ட ட்ரிம்மர் இன்னும் சுகம், ஆனால் அண்ணா தாடிக்குப் பாவிக்கிற ட்ரிம்மரை எடுக்காதீர்கள். ஓரத்தில் உள்ளாடைக்கு வெளியே தெரிகிற முடியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறவர்களும் நிறையப் பேர்.

எதைச் செய்வதானாலும் கலியாணத்துக்கு முதல்நாள் இரவு முதல்முறையாகச் செய்ய வேண்டாம். கார்த்திகையிலேயே ஒருமுறை செய்து பாருங்கள், தோல் என்ன சொல்கிறதென்று தெரியும்.

விசுவமடு, 31 வயது: இவரின் ரேசரால் சேவ் எடுக்கிறேன். இரண்டு மூன்று நாளில் சிவப்புச் சிவப்பாகப் பரு, சிலது சீழ் பிடிக்கிறது. கடியோ கடி. எடுக்காமல் விட்டாலும் குத்துகிறது. என்ன செய்ய?

முதலில் இவரின் ரேசரைத் திருப்பிக் கொடுங்கள். ரேசர் ஆளுக்கொன்று. கண்ணுக்குத் தெரியாத கீறலில் இரத்தம் படும், அதன் வழியாக ஹெப்பரைற்றிஸ் பி என்ற ஈரல் நோய் போன்றவை ஒருவரிலிருந்து ஒருவருக்குப் போகலாம். கணவன் மனைவிக்குள் என்ன என்று கேட்பீர்கள். ஈரல் நோய்க்கு அது தெரியாதே.

உங்களுக்கு வருவது பெரும்பாலும் முடி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்வதால் வருகிற பரு. அந்த இடத்து முடி இயல்பாகவே சுருள், நாங்கள் அதைத் தோலோடு ஒட்ட வெட்டினால் கூர் முனை உள்ளே திரும்பிக் குத்தும். மொட்டைப் பிளேட், உலர்ந்த தோல், எதிர்த்திசையில் இழுப்பது, ஒரே இடத்தை நாலைந்து தரம் வழிப்பது, இவ்வளவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பரு ஆறும்வரை ரேசரைத் தொடாதீர்கள். சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை, சுடாத பதத்தில், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் பத்து நிமிடம் வையுங்கள். ஊசியால் கிண்டுவது, நகத்தால் பிதுக்குவது இரண்டும் வேண்டாம், கறுப்புத் தழும்பு விழுவது அதனால்தான். வீக்கம் பெருத்து, சிவப்புப் பரவி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஆறிய பிறகும் சேவ் எடுக்கத்தான் விருப்பம் என்றால் முறையைச் சொல்கிறேன். முதலில் கத்தரிக்கோலால் குட்டையாக்க வேண்டும், நீள முடியில் ரேசரைப் போட்டால் இழுக்கும். குளிக்கும்போது கடைசியாகச் செய்யுங்கள், முடி ஊறி மெதுவாகியிருக்கும். எங்கள் பக்கம் பல கிணறுகளில் தண்ணீர் உவர், சவர்க்காரம் நுரைக்கவே நுரைக்காது, அந்த நுரையில்லாத வழுக்கலை நம்பிப் பிளேட்டை வைப்பதுதான் பாதிப் பேரின் பிரச்சினை. வாசனை இல்லாத சேவிங் ஜெல் பாமசியில் வாங்குங்கள், இல்லாவிட்டால் தலைக்குப் போடுகிற கண்டிஷனராவது பூசுங்கள். தோலை மெல்ல இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசையிலேயே, அழுத்தாமல், ஒரு வழிப்புக்கு ஒருமுறை ரேசரைக் கழுவிக்கொண்டு எடுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீர், துவாயால் ஒற்றுதல், வாசனையில்லாத கிறீம் கொஞ்சம். அன்றைக்கு இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். ஐந்து ஏழு தரம் எடுத்ததும் ரேசரை எறிந்துவிடுங்கள். ஈரமான குளியலறைச் சுவரில் மாதக் கணக்கில் தொங்குகிற ரேசரைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இவ்வளவு மினக்கெட்டும் பரு வந்தால் உங்கள் தோலுக்கு சேவ் சரிவராது. கத்தரிக்கோலுக்குத் திரும்புங்கள்.

வவுனியா, 22 வயது: முடி அகற்றும் கிறீம் போட்டேன், எரிந்து தோல் உரிந்துவிட்டது. பெட்டியில் பெண்களுக்கு என்றுதான் இருந்தது.

பெண்களுக்கு என்றால் எந்த இடத்துக்கு என்று பார்த்தீர்களா? கை கால் கிறீம் வேறு, கவட்டுப் பக்கத்துக்கு என்று போட்டிருப்பது வேறு. இந்தக் கிறீம்களில் இருக்கும் தயோகிளைக்கொலேற் என்ற இரசாயனம் முடியின் புரதத்தைக் கரைப்பது, தோலும் கிட்டத்தட்ட அதே புரதம்தான், நேரம் கூடினால் அதையும் தின்னும். ஓரத்துக்கு மட்டும் பூசலாம், பெண்ணுறுப்பின் உதடு போன்ற ஈரமான பகுதியில் படவே கூடாது. முதல்நாள் தொடையில் ஒரு பொட்டளவு போட்டு ஒருநாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். பெட்டியில் போட்ட நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். இப்போதைக்கு வெறும் தண்ணீரால் கழுவி, வஸ்லின் மெல்லியதாகப் பூசி, தளர்ந்த பாவாடையோடு இருங்கள். கொப்புளம் போட்டிருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

முசலி, 43 வயது: நாற்பது நாளைக்குள் களைய வேண்டும் என்பது எங்கள் மார்க்கம். எனக்கு ஐந்து வருடமாகச் சீனி வருத்தம். போன முறை பிளேட் பட்ட காயம் ஆற மூன்று கிழமை எடுத்தது.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்குச் சின்னக் காயமும் ஆறச் சுணங்கும், கிருமியும் இலகுவில் தொற்றும். அதனால் உங்களுக்கு பிளேட் வேண்டாம் ராத்தா, ட்ரிம்மரால் ஒட்டக் குட்டையாக்குங்கள். கத்தரித்தாலும் போதும் என்று சொன்ன உலமாக்கள் உண்டு, உங்களுக்குத் தெரிந்த ஆலிமா ஒருவரிடம் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள். மூன்று கிழமை எடுத்தது என்பதை மட்டும் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள், சீனியின் அளவைப் பார்க்க வேண்டும்.

புதுக்குடியிருப்பு, எட்டு மாதக் கர்ப்பிணி: பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக முதல் வழித்துக்கொண்டு போக வேணும், இல்லாவிட்டால் மிஸிமார் ஏசுவார்கள் என்று மாமி சொல்கிறா. வயிற்றுக்குக் கீழே எனக்கு எதுவுமே தெரியவில்லை அக்கா.

தெரியாத இடத்தில் பிளேட்டை வைக்காதேயுங்கோ! மாமி சொல்வது அவவின் காலத்து நடைமுறை, நான் வாட்டில் நின்ற தொடக்க காலத்திலும் அப்படித்தான், வரிசையாக எல்லாருக்கும் வழிப்போம். இப்போது உலக சுகாதார நிறுவனம் சாதாரணப் பிரசவத்துக்கு முன்னால் வழக்கமாகச் சவரம் செய்வதைப் பரிந்துரைப்பதில்லை, 2018 வழிகாட்டியில் தெளிவாகவே இருக்கிறது. சத்திரசிகிச்சைக்கும் அப்படித்தான்: 2016 வழிகாட்டியின்படி முடியை அப்படியே விட வேண்டும், கட்டாயம் எடுக்க வேண்டும் என்றால் கிளிப்பரால் மட்டும். பிளேட் போட்ட கீறலுக்குள் கிருமி புகுந்து வெட்டுக் காயத்தைக் கெடுக்கும் என்பதுதான் காரணம். உங்கள் குடும்பநல மருத்துவமாது வீட்டுக்கு வரும்போது மாமியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதையே கேளுங்கள். நான் சொன்னால் மாமி நம்பமாட்டா, அவ சொன்னால் நம்புவா.

மாங்குளம், 35 வயது: சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச்சொல்லி இருக்கிறார்கள். முடியோடு போய்க் காட்ட வெட்கமாக இருக்கிறது. இரண்டு தரம் போகாமல் விட்டுவிட்டேன்.

போங்கள். அங்கே இருப்பவர்கள் பார்ப்பது கருப்பைக் கழுத்தை, முடியை இல்லை. வழித்திருக்கிறதா இல்லையா என்பது அவர்களின் கண்ணில் விழுவதே இல்லை. 35 வயதிலும் 45 வயதிலும் கூப்பிடுவது புற்றுநோய் வருவதற்கு முந்திய மாற்றங்களையே கண்டுபிடிக்கத்தான், கண்டுபிடித்தால் சுகப்படுத்தலாம். இதற்காக முதல்நாள் அவசர அவசரமாகச் சேவ் எடுத்து வெட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். கழுவிவிட்டுப் போங்கள், மூன்றாவது தரமும் விடாதீர்கள்.

முல்லைத்தீவு, 28 வயது: அந்த இடமும் தொடை இடுக்கும் ஒரே கறுப்பு. வெள்ளையாக்க ஒரு கிறீம் பேஸ்புக்கில் விற்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். ஹோர்மோன் காரணமாக அந்த இடம் மற்றத் தோலைவிடக் கறுப்பாகத்தான் இருக்கும், எல்லாருக்கும். வழிப்பதும் உரசுவதும் பருவைக் கிண்டுவதும் இன்னும் கறுக்க வைக்கும், அவற்றை நிறுத்தினால் அந்த மேலதிகக் கறுப்பு மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். பெயர் தெரியாத வெள்ளைக் கிறீம்களில் பாதரசமோ பலமான ஸ்ரெறொயிட்டோ இருக்கலாம். ஸ்ரெறொயிட் கிறீம் மடிப்பான இடத்தில் தோலை மெலியவைத்து, அழியாத வரிகளைப் போட்டுவிடும். படையும் சேர்ந்து பரவும். தேசிக்காய், அப்பச்சோடா, கல்லால் உரஞ்சுதல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

மன்னார், 29 வயது: வக்ஸிங், லேசர் பற்றிச் சொல்லுங்கோ.

வக்ஸிங் வேரோடு பிடுங்குவதால் மூன்று முதல் ஆறு கிழமைக்கு வராது, ஆனால் நோகும், சுருண்ட முடிப் பரு இதிலும் வரும். முடி அரைச் சென்ரிமீற்றராவது வளர்ந்திருக்க வேண்டும். பார்லரில் செய்தால் ஒருமுறை பூசிய குச்சியை மறுபடி பாத்திரத்துக்குள் விடுகிறார்களா என்று பாருங்கள், விட்டால் எழும்பி வந்துவிடுங்கள். பருவுக்கு ஐசோற்றெற்றினொயின் குளிசை எடுப்பவர்கள் வக்ஸ் செய்யவே கூடாது, தோலோடு கழன்று வரும். வீட்டில் சீனிப் பாகு காய்ச்சிச் செய்வதைக் கைக்கும் காலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் வெந்தால் யாரிடம் காட்டுவீர்கள்?

லேசர் ஆறு தரம், அதற்கு மேலும் போக வேண்டிவரும், காசும் அதற்கேற்ற மாதிரி. முடி நன்றாகக் குறையும், முழுக்கப் போய்விடும் என்று எவராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். எங்கள் நிறத்துக்கு என்டி யாக் என்ற லேசர் பாதுகாப்பானது, எந்த மெஷின் என்று கேட்டு, தோல் வைத்தியர் இருக்கும் இடத்தில் செய்யுங்கள். ஒன்லைனில் வருகிற வீட்டு மெஷின்கள் பலவற்றின் பெட்டியிலேயே கடும் நிறத் தோலுக்கு ஆகாது என்று எழுதியிருக்கும்.

ஒட்டுசுட்டான், 23 வயது: தொப்புள் வரைக்கும் முடி வளர்கிறது. நாடியிலும் இருக்கிறது. மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒருக்கா.

தொப்புள் வரை மெல்லிய கோடாக முடி இருப்பது சாதாரணம். நாடியும் மாதவிடாயும் சேர்ந்து வந்ததால்தான் சொல்கிறேன், ரேசரை வைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள். சூலகக் கட்டி, ஹோர்மோன் பிரச்சினை இருக்கிறதா என்று இரத்தமும் ஸ்கானும் பார்ப்பார்கள். மருந்திருக்கிறது.

துணுக்காய், 26 வயது: கூட்டுக் குடும்பம், கிணற்றடியில்தான் குளியல். வெட்டின முடியையும் பிளேட்டையும் எங்கே போடுவது?

பழைய பேப்பரை விரித்து அதன்மேல் நின்று வெட்டுங்கள், மடித்துக் குப்பையோடு போட்டுவிடலாம். அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே செய்யலாம், கத்தரிப்பதற்குத் தண்ணீர் தேவையில்லை. பிளேட்டை மட்டும் வளவுக்குள் எறியாதீர்கள், கோழியும் குழந்தையும் திரிகிற இடம். மூடியுள்ள பால்மா ரின் ஒன்றுக்குள் சேர்த்து, நிறைந்ததும் மூடியை இறுக்கி ஒட்டி, பிரதேச சபைக் குப்பை வண்டி வந்தால் இது பிளேட் என்று சொல்லிக் கொடுங்கள். வண்டி வராத இடமென்றால் ஆழமாகக் கிடங்கு வெட்டிப் புதைத்துவிடுங்கள்.