பவர் மீட்டர் சரி என்கிறது, எர்ரர் ஏன் ஏறுகிறது?

கேள்வி: எங்கள் கல்லூரியின் இரண்டு வளாகங்களுக்கு நடுவே 7 கி.மீ. ஃபைபரில் 100ஜி எல்ஆர்4 லிங்க் ஓடுகிறது. சில வாரங்களாக சிஆர்சி எர்ரர் (வழியில் கெட்டுப்போய் வந்த தரவுகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போகிறது. ஒளியின் திறனை அளக்கும் பவர் மீட்டரில் முன்பு +2 டிபிஎம், இப்போது +1. ஃபைபர் பழசாகிவிட்டது, புது கேபிள் இழுக்க வேண்டும் என்கிறார் கான்ட்ராக்டர். இழுக்கலாமா?

பதில்: வேண்டாம். எல்ஆர்4 மாட்யூல் (ஸ்விட்சில் செருகும், மின்குறிப்பை ஒளியாக்கும் டிரான்சீவர்) நான்கு அலைநீளங்களில், அதாவது நான்கு லேன்களில், தரவை அனுப்புகிறது. மீட்டர் நான்கையும் கூட்டித்தான் காட்டும். டிபிஎம் மடக்கை அளவு, திறன் நான்கு மடங்கானால் 6 கூடும். எனவே லேனுக்கு −4 வீதம் வந்தால் மொத்தம் +2. அதில் ஒன்று மட்டும் −13க்கு விழுந்தாலும் மொத்தத்தில் குறைவது சுமார் 1 டிபிதான். லேனுக்குக் குறைந்தது −10.6 வர வேண்டும். வராத லேன்தான் எர்ரரைக் கொட்டும்.

ஸ்விட்சிலேயே டிரான்சீவர் விவரத்தை எடுத்து, இரு முனைகளிலும் லேன் வாரியாக ஆர்எக்ஸ் (வரும் ஒளி), டிஎக்ஸ் (அனுப்பும் ஒளி) அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கும் சேர்ந்து இறங்கியிருந்தால் கனெக்டரில் அழுக்கு, அல்லது எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது. பேட்ச் கார்டின் (மாட்யூலில் செருகும் குட்டை ஃபைபர் கேபிள்) முனையோடு மாட்யூலின் வாயையும் ஒன்-கிளிக் கிளீனரால் (ஃபைபர் முனை துடைக்கும் பேனா போன்ற கருவி) துடையுங்கள். பலரும் கார்டோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு லேன் மட்டும் விழுந்திருந்தால் கோளாறு மாட்யூலில். எந்த முனை என்று தெரிய, ஒரு ஸ்பேர் மாட்யூலை முனைக்கு ஒருமுறையாக மாற்றிப் பாருங்கள்.

கான்ட்ராக்டர் நீட்டும் ஓடிடிஆர் (ஃபைபருக்குள் ஒளித்துடிப்பு அனுப்பிக் குறை தேடும் கருவி) படம் கண்ணாடி இழையைப் பற்றி மட்டுமே பேசும். மாட்யூலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. நம் டெண்டர்கள் பலவும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பில்லையே பாஸ் செய்கின்றன. அவற்றில் லேன் அளவையோ எர்ரர் கணக்கையோ கேட்க ஒரு வரி கிடையாது! ஓடிடிஆர் போடும்போது இரு முனை மாட்யூல்களையும் கழற்றச் சொல்லுங்கள். அதன் பல்ஸ் மாட்யூலின் ரிசீவரைக் கெடுத்துவிடக்கூடும். புது மாட்யூல் என்று பழையதை ஸ்டிக்கர் மாற்றி விற்கும் ஆட்களும் உண்டு. லேபிளில் உள்ள சீரியல் எண்ணும் ஸ்விட்ச் காட்டும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. எல்ஆர்1 மாட்யூலாக இருந்தால் லேன் கணக்கே பொருந்தாது. அதில் ஒரே அலைநீளம். மாட்யூலுக்குள்ளேயே எஃப்இசி என்ற பிழைதிருத்தும் முறை பிழைகளைத் திருத்திவிடும். லிங்க் நலிந்துகொண்டே போனாலும் சிஆர்சி பூஜ்யம்தான் காட்டும். ஓர் எல்லை தாண்டியதும் ஒரேயடியாக விழும். அங்கே பார்க்க வேண்டியது திருத்துவதற்கு முந்தைய பிழை விகிதம். அதன் எல்லை 10,000 பிட்டுக்கு 2.4 பிழை. வாராவாரம் குறித்து வையுங்கள். ஒரே வாரத்தில் பத்து மடங்கு ஏறினால், எல்லையைத் தொடும் முன்பே கனெக்டரைத் திறந்து துடைத்துவிடுங்கள்.