காணாமல் போன சிறுமியும் யூடியூப் யூகங்களும்

கேள்வி: என் அக்கா மகளுக்கு 16 வயது. டியூஷனுக்குப் போனவள் ஒரு வாரமாகத் திரும்பவில்லை. காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்திருக்கிறார்கள். இதற்குள் ஒரு யூடியூப் சேனல், நாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தையும் அவளுடைய பள்ளியின் பெயரையும் போட்டு, அக்காவின் இரண்டாவது கணவர்தான் காரணம் என்கிறது. நாங்களும் வீடியோ போட்டு மறுக்கலாமா?
- வாசகர், சென்னை

பதில்: மறுப்பு வீடியோ வேண்டாம். அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை காவல் நிலையத்தில் இருக்கிறது. சி.எஸ்.ஆர். ரசீது மனு பெறப்பட்டதற்கான சான்றுதானே தவிர, வழக்குப் பதிவு ஆகாது. 18 வயது நிறையாதவரைக் காணவில்லை என்று புகார் வந்தால், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து, கடத்தப்பட்டிருக்கலாம் என்ற அனுமானத்துடனேயே விசாரிக்க வேண்டும் என 2013-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. நிலையத்தில் மறுத்தால், துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம்.

இனி வீடியோவுக்கு வருவோம். இளைஞர் நீதிச் சட்டம், 2015, காணாமல் போன குழந்தையையும் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகவே கருதுகிறது. அத்தகைய குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடுவதை 74-வது பிரிவு தடை செய்து, ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டையும் விதிக்கிறது. 'குடும்பத்தாரே பரப்பிய படம்தானே, நாங்கள் சொன்னதும் உண்மைதானே' என்று சேனல்காரர் வாதிடக்கூடும். உண்மையாக இருப்பது இங்கே விலக்கு ஆகாது. குழந்தையின் நலன் கருதி அனுமதிக்கும் அதிகாரமும் சட்டப்படி குழந்தைகள் நலக் குழு போன்ற அமைப்புக்குத்தான் உண்டு, குடும்பத்துக்கு அல்ல. எனவே நீங்களும் படத்தை மேலும் பரப்பாமல், தேடுதல் அறிவிப்பைக் காவல்துறை மூலமாகவே வெளியிடச் செய்யுங்கள். உறவினர் குழுவில் கோபத்தோடு அந்த வீடியோவை ஃபார்வர்டு செய்வதும் அதே அடையாளத்தைப் பரப்புவதுதான்.

சேனல்காரர் வீடியோவை எப்போது வேண்டுமானாலும் நீக்கிவிடலாம் என்பதால், இன்றே அதன் இணைப்பு, சேனலின் பெயர், பதிவேற்றிய தேதி ஆகியவை தெரியும்படி திரைப்பதிவு செய்து, பதிவு செய்த கைபேசியை அழிக்காமலும் மாற்றாமலும் வைத்திருங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்க வேண்டிய, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் தர அது தேவைப்படும். பிறகு, அடையாளத்தை நீக்கக் கோரி யூடியூப்பின் குறைதீர் அலுவலருக்கும், குற்ற நடவடிக்கை கோரி மாநகரக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவுக்கும் தனித்தனியே மனு கொடுங்கள். அடையாளத்தை வெளியிட்டது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் அல்ல என்பதால், காவல்துறையினர், நடுவர் நீதிமன்றத்தை அணுகச் சொன்னால் ஏமாற்றம் அடைய வேண்டாம்.

அக்கா கணவர் மீதான பழிக்கு வழி வேறு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவின்படி அவதூறு வழக்கை, பாதிக்கப்பட்ட அவரே நடுவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அவர் சார்பில் நீங்கள் தொடுத்தால் முதல் நாளே தள்ளுபடியாகும். என் யோசனை, அவர் இப்போது அவசரப்பட வேண்டாம் என்பதுதான்: விசாரணை அதிகாரி அழைக்கும்போதெல்லாம் நேரில் சென்று, சிறுமி காணாமல் போன அன்று தாம் எங்கிருந்தார் என்பதைச் சொல்லி, வருகையை எழுத்தில் பதிவு செய்யச் சொல்லட்டும். அவதூறு வழக்குக்கு மூன்று ஆண்டு கால வரம்பு இருக்கிறது. சிறுமியைத் தேடுவதற்கு அத்தகைய அவகாசம் இல்லை.