சர்வேயர் வாஷிங்டன்

வணக்கம். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் முதலில் சர்வேயர், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று எழுதியிருந்தீர்கள். என் அப்பாவும் சர்வேயர்தான், அதனால் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் இளவயதில் சில வருடம் பார்த்த வேலையை வைத்து ஒருவருடைய அரசியலை விளக்குவது கொஞ்சம் மிகை இல்லையா?

கே., தேனி

அன்புள்ள கே.,

சில வருடம் என்று சொல்ல முடியாது. 1799 நவம்பரில், சாவதற்கு ஒரு மாதம் முன்புகூட, தன் நிலம் ஒன்றை அவரே அளந்துகொண்டிருந்தார்.

உங்கள் அப்பா பழைய எஃப்.எம்.பி.யில் (புல அளவைப் புத்தகத்தில்) லிங்க்ஸ் கணக்குப் பார்த்திருப்பார். 66 அடி, 100 லிங்க் கொண்ட கன்ட்டர் செயின் என்ற அளவுச் சங்கிலியின் கணக்கு அது. அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த வர்ஜீனியாவிலும் நிலத்தை அளந்தது சங்கிலியால்தான். நம் ஊர் சென்ட் என்பதே ஆயிரம் சதுர லிங்க்தானே. 1748-இல், 16 வயதில், வாஷிங்டன் அளவைக் குழுவோடு மலை தாண்டிப் போனார். ஓரிரவு படுக்கை என்று காட்டிய இடத்தில் வைக்கோலும் நைந்த கம்பளியும்தான். அதில் பேன், தெள்ளுப்பூச்சி. எழுந்து உடுப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அடுத்த வருடம் கல்பெப்பர் கவுண்டிக்கு (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) சர்வேயர்.

நல்ல மண் எங்கே இருக்கிறது என்று சர்வேயருக்குத்தான் முதலில் தெரியும். 1750-இல் பிரெடரிக் கவுண்டியில் புல்ஸ்கின் ஓடைப் பக்கம் நிலம் வாங்கினார். என் வாதமே இந்த நிலத்தில்தான் நிற்கிறது. அவர் வீடு இருந்தது வேறு கவுண்டியில். ஆனால் ஒரு கவுண்டியில் நிலம் இருந்தால் அங்கே வர்ஜீனியா சட்டசபைக்கு நிற்கலாம். 1755-இல் பிரெடரிக்கில் தோற்றார், 1758-இல் ஜெயித்தார். அந்தத் தேர்தலின்போது அவர் ஊரிலேயே இல்லை, ராணுவ முகாமில் இருந்தார். அவருக்காக நண்பர்கள் வாக்காளர்களுக்கு ஊற்றிக் கொடுத்த கணக்கு: ரம் 28 காலன், ரம் பஞ்ச் 50, ஒயின் 34, பீர் 46. வாக்காளர் எல்லார் முன்னாலும் வாய்விட்டுப் பெயர் சொல்லும் முறை வேறு! கைச்சுருக்கமாகச் செலவழித்துவிட்டீர்களோ என்பதுதான் பிறகு அவர் எழுதிய கவலை.

1763-இல் பிரிட்டிஷ் அரசர், அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே பூர்வகுடிகளின் நிலத்தில் குடியேறக்கூடாது என்று கோடு போட்டார். சட்டசபை உறுப்பினரான நம் ஆள் 1767-இல் கிராஃபோர்ட் என்ற சர்வேயருக்குக் கடிதம் எழுதுகிறார்: இந்தத் தடை பூர்வகுடிகளைச் சமாதானப்படுத்தச் செய்த தற்காலிக ஏற்பாடுதான், நல்ல நிலமாகப் பார்த்து இப்போதே அடையாளம் செய்து வை. வெளியே சொல்லாதே. யாராவது கேட்டால் வேட்டைக்கு வந்ததாகக் காட்டிக்கொள்.