கூரை ஷீட்டுக்கு எந்த ஸ்க்ரூ? வாங்குவோர் கேள்வி-பதில்

ஆடிக் காற்று அடங்கி, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மாடியில் ஷெட் போட்டுவிட வேண்டும் என்று மதுரையே அவசரப்படுகிற நேரம் இது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தகரக் கூரையைப் பற்றியவை. அதனால் இந்த முறை அது மட்டும்தான்.

மொட்டை மாடியில் 20-க்கு 10 அடி ஷெட் போடுகிறோம். வெல்டிங் பட்டறைக்காரர், "ஜே போல்ட்தான் பலம், ஸ்க்ரூவைக் காத்து பிடுங்கிரும்ணே" என்கிறார். ஷீட் கடையில் செல்ஃப் ஸ்க்ரூ போடச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
– மேலூர் வாசகர்

கடைக்காரர் சொல்வதை. பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் கை பழகியது ஆஸ்பெஸ்டாஸ் காலத்தில். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இறுக்கினால் விரிசல் விடும். அதனால் துளையைப் போல்ட்டை விடக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, கீழே பைப்பைக் கொக்கி போல வளைத்துப் பிடிக்கிற ஜே போல்ட்டை மாட்டி, மேலே தார் வாஷர் வைத்து அளவாக முடுக்குவார்கள். அங்கே அதுதான் சரி.

அரை மில்லி கனம்கூட இல்லாத கலர் ஷீட்டில் அதே வேலையைச் செய்தால் துளைக்கும் போல்ட்டுக்கும் நடுவே இடைவெளி நிற்கும். அதை மூடிக்கொண்டிருப்பது அந்தத் தார் வாஷர் ஒன்றுதான். அது சித்திரை வெயிலில் இளகி, பிறகு காய்ந்து வெடிக்கும். காற்றில் ஷீட் அதிர அதிர நட்டும் தளரும். வருடா வருடம் யார் மேலே ஏறி முடுக்குவது? செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ தன் துளையைத் தானே போட்டுக்கொண்டு இறங்குவதால் சந்து விழாது. தலைக்கு அடியில் இருக்கும் இ.பி.டி.எம். ரப்பர் வாஷர் தண்ணீரை நிறுத்தும்.

ஆனால் பட்டறைக்காரரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வந்த ஷெட்டுகளை அவர் பார்த்திருப்பார். அங்கே பழுது பெரும்பாலும் கீழே இருக்கும் பைப்பில். கூரைக்குப் போடும் சாதாரண ஸ்க்ரூ 5.5 மில்லி தடிமன், அங்குலத்துக்கு 14 மரை. ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவே 1.8 மில்லி. நீங்கள் 1.2 மில்லி கனமுள்ள பைப் வாங்கினால், அதன் சுவரில் ஒரு முழு மரைகூடப் பிடிக்காது. அதைக் காற்று பிடுங்கத்தான் செய்யும். குறுக்குப் பைப் 2 மில்லிக்குக் குறையாமல் இருக்கட்டும். பைப் கடைக்கு வெர்னியர் காலிப்பரோடு போங்கள், அல்லது கடையில் இருப்பதை வைத்து உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள்.

காற்று கூரையை அமுக்குவதை விடத் தூக்குவதுதான் அதிகம். ஓரங்களிலும் மூலைகளிலும் அந்த இழுப்பு இன்னும் கடுமை. கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875-இன் 3-ஆம் பாகம் மதுரைக்கு விநாடிக்கு 39 மீட்டர் அடிப்படைக் காற்று வேகத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. மணிக்கு 140 கிலோமீட்டர். சென்னைக்கு அது 50 மீட்டர். நமக்குப் புயல் இல்லை என்று அலட்சியம் வேண்டாம். மேல் முனைப் பைப்பிலும் கீழ் முனைப் பைப்பிலும் ஷீட்டின் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ இருக்க வேண்டும். நடுப் பைப்புகளில் ஒன்று விட்டு ஒன்று போதும்.

ஸ்க்ரூவை ஷீட்டின் மேட்டில் அடிப்பதா, பள்ளத்தில் அடிப்பதா?
– திருமங்கலம்

கூரை என்றால் மேட்டில், பக்கச் சுவருக்கு அடைக்கிற ஷீட் என்றால் பள்ளத்தில். மேட்டில் அடிக்க 55 அல்லது 65 மில்லி நீளம் வேண்டும். ஷீட் கம்பெனியின் தாளில் வேறு மாதிரி போட்டிருந்தால் அந்தத் தாளைப் பின்பற்றுங்கள்.

பழைய ஷெட்டைப் பிரித்து வேறு இடத்தில் போடுகிறோம். கழற்றிய ஸ்க்ரூக்களைத் திரும்பப் பயன்படுத்தலாமா?
– வாடிப்பட்டி

கூடாது. முனை மழுங்கியிருக்கும், வாஷர் நசுங்கியிருக்கும்.

ஷெட் போட்டு இரண்டாவது மழையிலேயே ஒழுகுகிறது. காண்ட்ராக்டர் வந்து ஸ்க்ரூ தலைகளில் எல்லாம் சிலிக்கான் வைத்துவிட்டுப் போனார். மறுபடி ஒழுகுகிறது. ஷீட் மட்டமா?
– உசிலம்பட்டி

ஷீட்டைக் குறை சொல்வதற்கு முன் மேலே ஏறி ஒரு ஸ்க்ரூவைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தலைக்கு அடியில் ஒரு உலோக வட்டு, அதற்கு அடியில் கறுப்பு ரப்பர். ரப்பர் அந்த வட்டின் விளிம்பை விட ஒரு நூலிழை அளவு வெளியே பிதுங்கி, சுற்றிலும் ஒரே சீராகத் தெரிந்தால் இறுக்கம் சரி. விரலால் வாஷரைச் சுற்ற முடிந்தால் இறுக்கம் போதாது. ரப்பர் கிழிந்து நாலா பக்கமும் வழிந்திருந்தால், அல்லது ஷீட்டின் மேடு அந்த இடத்தில் குழிந்திருந்தால், அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். அந்தக் குழியில் தண்ணீர் தேங்கி, பிறகு உள்ளே இறங்கும். ஸ்க்ரூ சாய்ந்து நின்றால் ஒரு பக்கம் ரப்பர் பிதுங்கி, மறு பக்கம் வாய் திறந்திருக்கும்.

இம்பாக்ட் டிரைவரை வைத்து டரடரவென்று அடித்துக்கொண்டே போகிற ஆட்களால் வருகிற வினை இது. இறுக்கத்தைச் செட் செய்துகொள்ளும் வசதி உள்ள ஸ்க்ரூ மிஷினில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். "அந்த மிஷின் இருக்கா?" என்று வேலைக்கு முன்பே கேளுங்கள்.

சிலிக்கானைப் பற்றி: காடி வாடை அடிக்கிற சிலிக்கான் உலர்கிறபோது அமிலம் விடும், துத்தநாகப் பூச்சை அரிக்கும். ஒரு கடையில் "எல்லாத்துக்கும் ஆகும்" என்று சொல்லி எனக்கும் அந்த ட்யூபைத்தான் கொடுத்தார்கள். பூசிய இடத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. தகரத்துக்கு ட்யூபில் 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். ஆனால் உங்களுக்குத் தேவை பூச்சு இல்லை. ஒழுகுகிற ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, அதே துளையில் ஒரு அளவு பெரிய, 6.3 மில்லி ஸ்க்ரூவைப் புது வாஷரோடு போடச் சொல்லுங்கள். செலவு காண்ட்ராக்டருடையது. மறுத்தால், செல்லூர் வாசகிக்குக் கீழே எழுதியிருப்பது உங்களுக்கும் பொருந்தும்.

ஜி.எஸ்.டி. மிச்சமாகும் என்று பில் இல்லாமல் ஷீட்டும் ஸ்க்ரூவும் வாங்கினேன். ஒரே வருடத்தில் பெயிண்ட் உரிகிறது. பத்து வருட வாரண்டி என்று வாயால் சொன்னார்கள். எப்படி வாங்குவது?
– ஒத்தக்கடை

எதைக் காட்டி வாங்குவீர்கள்? 18 சதவீதம் மிச்சம் என்று நீங்கள் நினைத்த பணத்தோடு வாரண்டியையும் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். பில் தராமல் விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகமுறை. ஆனால் பில் வேண்டாம் என்று கேட்டு வாங்கியவர் அந்த வாதத்தோடு நிற்பது கடினம். ஜி-பேயில் பணம் அனுப்பியிருந்தால், வாட்ஸ்அப்பில் விலை பேசியிருந்தால், அவற்றை அழிக்காமல் வையுங்கள். ஷீட்டின் அடிப்பக்கம் கம்பெனி பெயரும் கனமும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் கம்பெனிக்கே எழுதலாம். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

காண்ட்ராக்டர் சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகச் சொல்கிறார். ஷீட், பைப், ஸ்க்ரூ, கூலி எல்லாம் அடக்கமாம். லாபமா, நஷ்டமா?
– திருப்பரங்குன்றம்

இந்த 'எல்லாம் அடக்கம்' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஷீட் என்ன கம்பெனி, எத்தனை மில்லி என்று நாலு கடை ஏறி இறங்கிப் பேரம் பேசுகிறோம். அந்த ஷீட்டை இருபது வருடம் பிடித்து வைத்திருக்க வேண்டிய ஸ்க்ரூவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. மொத்த ரேட்டில் லாபம் பார்க்க நினைப்பவர் ஷீட்டில் கை வைக்க முடியாது, அது கண்ணுக்குத் தெரியும். ஸ்க்ரூவில்தான் கை வைப்பார்.

கணக்கைப் பாருங்கள். 20-க்கு 10 அடி ஷெட், நாலு குறுக்குப் பைப். முனைப் பைப் இரண்டிலும் மீட்டருக்கு ஐந்து மேடு என்று கொண்டால் அறுபது ஸ்க்ரூ சொச்சம். நடுப் பைப் இரண்டிலும் முப்பது சொச்சம். ஆக மொத்தம் நூறுக்குள். மட்ட ஸ்க்ரூவை விட நல்ல ஸ்க்ரூ ஒன்றுக்கு ஐந்து ரூபாய் கூட என்றே வைத்துக்கொள்வோம். முழுக் கூரைக்கும் 500 ரூபாய். அந்த 500 ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் கூரையின் ஆயுளையே பாதியாக வெட்டுகிறார்கள்.

மட்ட ஸ்க்ரூவில் துத்தநாகம் பெயருக்குத்தான் பூசியிருக்கும். துரு முதலில் தலையில் வரும், மழைத் தண்ணீரோடு வழிந்து ஷீட்டில் கோடு கோடாக இறங்கும். ரப்பர் என்று சொல்வது பி.வி.சி.யாக இருக்கும். எங்கள் மாடிக்கு வாங்கிய பெட்டியில் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது கோடையில் வாஷர்கள் காய்ந்த மண் போல வெடித்து உதிர்ந்தன. பெட்டியில் தயாரித்தவர் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது? அன்றிலிருந்து நான் பெயர் அச்சிடாத ஸ்க்ரூ பெட்டியைத் தொடுவதில்லை. கடையிலேயே ஒரு வாஷரைக் கழற்றி இரண்டாக மடித்து, நகத்தால் அழுத்திப் பாருங்கள். இ.பி.டி.எம். உடனே பழைய நிலைக்கு வரும். மடிப்பில் வெள்ளைக் கோடு நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மொத்த ரேட்டுக்குச் சம்மதிக்கலாம். ஆனால் எழுதி வாங்குங்கள்: ஷீட் கம்பெனி, கனம், துருத்தடுப்புப் பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், பைப் கனம், ஸ்க்ரூ கம்பெனி, அளவு, வாஷர் இ.பி.டி.எம். கனத்தில் இன்னொரு பித்தலாட்டம் உண்டு. 0.5 மில்லி என்பது பெயிண்டோடு சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற காண்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மாடியில் தறி போட்டுப் பிழைக்கிறேன். மேலே ஷெட் போட்டவர் துருவே பிடிக்காத எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ என்று சொல்லிக் கூடுதலாகப் பணம் வாங்கினார். எட்டு மாதத்தில் எல்லாம் சிவந்துவிட்டது. சொட்டிய துருத்தண்ணீரில் பாவு கறைபட்டு ஒரு சேலை வீணாகிவிட்டது. போன் செய்தால் எடுப்பதில்லை. கணவர் இல்லை, வக்கீல் வைக்க வசதியும் இல்லை.
– செல்லூர்

அம்மா, உங்களுக்கு வக்கீல் தேவையில்லை. தைரியமாக இருங்கள், நியாயம் முழுக்க உங்கள் பக்கம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள், கட்டணம் இல்லை. அதில் நடக்கவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தும் பதியலாம். "தொழிலுக்குப் போட்ட ஷெட், நீ நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். பிழைப்புக்காகத் தானே செய்கிற சுயதொழிலைச் சட்டம் அப்படித் தள்ளவில்லை. மனுவின் தொடக்கத்திலேயே "என் பிழைப்பு இந்தத் தறிதான்" என்று எழுதுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியது: துருப்பிடித்த ஸ்க்ரூக்களைத் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். நாலைந்தைக் கழற்றி ஒரு கவரில் போட்டு வையுங்கள். கறைபட்ட சேலையைத் துவைக்காதீர்கள். அவர் எஸ்.எஸ். என்று அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ், பணம் கொடுத்த ரசீது, பேங்க் பதிவு எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுங்கள். ஸ்க்ரூ தலையில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். 304 ரக எஸ்.எஸ். என்று சொல்லி விற்றது காந்தத்தில் பளிச்சென்று ஒட்டினால் அதையும் எழுதுங்கள். முனையில் வைத்துப் பார்க்க வேண்டாம், நல்ல எஸ்.எஸ். ஸ்க்ரூவிலும் துளை போடுகிற முனை சாதா இரும்பாக இருப்பதுண்டு. மாற்று ஸ்க்ரூவின் செலவு, சேலையின் விலை, மன உளைச்சல் மூன்றுக்கும் ஈடு கேளுங்கள்.

திரும்பப் போடும்போது எஸ்.எஸ். வேண்டாம். மதுரையில் கடல் உப்புக் காற்று இல்லை. ஷீட் கம்பெனி சிபாரிசு செய்யும் கனத்த பூச்சுள்ள ஸ்க்ரூ போதும். மனு எழுதத் தடுமாறினால் எனக்கே எழுதுங்கள், வரைந்து தருகிறேன்.

அழகர்கோவில் பக்கம் தோட்டத்து வீடு. ஆர்க்கிடெக்ட் ஸ்க்ரூவே தெரியாத ஸ்டாண்டிங் சீம் கூரை சொல்கிறார். செலவு கூட. தேவையா?
– கே.கே. நகர்

ஷீட்டின் நீளத்தைச் சொல்லவில்லையே. இந்த முறையில் ஷீட்டின் ஓரங்களை மடித்து ஒன்றோடொன்று பூட்டுவார்கள். அடியில் இருக்கும் கிளிப் பிடித்துக்கொள்ளும், ஷீட்டில் துளையே விழாது. வெயிலில் ஷீட் நீளும்போது கிளிப்பின் மேல் நகர்ந்து கொடுக்கும். இரும்பு 12 மீட்டர் நீளத்துக்கு 40 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 6 மில்லி நீளும். தகரக் கூரையில் விடியற்காலைக்கும் மதியத்துக்கும் நடுவே அந்த அளவு ஏற்றம் நம் ஊரில் சாதாரணம். ஸ்க்ரூ அடித்த கூரையில் அந்த நீட்சி தினமும் ஸ்க்ரூ துளையைத்தான் இழுக்கும். அலுமினியம் என்றால் நீட்சி இரண்டு மடங்கு.

ஆக, ஒரே ஷீட் 12 மீட்டர் ஓடுகிறது, சரிவு குறைவு, கூரை அப்படியே வீட்டுக்கு மேல் வருகிறது என்றால் செலவழிக்கலாம். ஆறு மீட்டர் ஷீட், பத்தடிக்கு ஓரடி சரிவு என்றால் நல்ல ஸ்க்ரூவே தாராளம். எப்படியானாலும், மடிப்பு போடும் மிஷினும் பழகிய ஆட்களும் இருக்கிறார்களா, அவர்கள் ஏற்கெனவே போட்ட கூரை ஒன்றை மழை நாளில் காட்டுவார்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வேலை முடிந்ததும் கூரையைக் கழுவ வேண்டுமா?
– நாகமலை புதுக்கோட்டை

அன்று சாயங்காலமே மென்மையான துடைப்பத்தால் பெருக்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூ இறங்கும்போது உதிர்ந்த இரும்புத் தூள் ஒரு ராத்திரி பனியில் கிடந்தாலே துருவேறி, பெயிண்டில் கறையாக ஒட்டிக்கொள்ளும். ஆட்கள் சாரத்தை அவிழ்ப்பதற்கு முன் மேலே ஏறிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.