1 டிபி டிஸ்க் ஏன் 931 ஜிபி காட்டுகிறது?

கேள்வி: திருமண வீடியோக்களைப் போட்டு வைக்க 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் வருகிறது. "எல்லா டிஸ்க்கும் அப்படித்தான்" என்கிறார் கடைக்காரர். ஏமாந்துவிட்டேனா? (வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: கடைக்காரர் சொன்னது சரிதான். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். அவர்களுக்கு 1 டிபி என்றால் 1,000,000,000,000 பைட். விண்டோஸோ 1,024 ஆக எண்ணுகிறது. அந்த எண்ணை மூன்று முறை 1,024ஆல் வகுத்துப் பாருங்கள், 931.3 வரும். 10 கிலோ அரிசியைக் காத்தி என்ற பழைய எடை அளவில் நிறுத்தால் ஏறக்குறைய பதினாறரை காத்தி. அரிசி அதே அரிசிதான். அங்கே அளவுக்குப் பெயராவது வேறு. இங்கே இரண்டையும் ஜிபி என்றே எழுதுவதால்தான் இத்தனை குழப்பம். 1,024 கணக்குக்கு ஜிபிபைட் (gibibyte, GiB) என்று 1998இலேயே தனிப்பெயர் வைத்தார்கள், விண்டோஸ் அதைக் காட்டுவதில்லை. இதே டிஸ்க்கை மேக்கில் செருகினால் 1 டிபி என்று வரும்.

"ஃபார்மேட் செய்ததில் 69 ஜிபி போய்விட்டது" என்று சிலர் விளக்குவார்கள். தவறு. ஃபார்மேட்டுக்குப் போவது மிகச் சொற்பம். டிரைவை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறந்தால் ஜிபிக்குப் பக்கத்திலேயே பைட் கணக்கும் இருக்கும். அது ஒரு லட்சம் கோடியை ஒட்டியிருந்தால் அளவில் குறை இல்லை. அலகு பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் வளரும்: கேபியில் 2.4 சதவீதம், ஜிபியில் 7.4, டிபியில் கிட்டத்தட்ட 10. 2 டிபி டிஸ்க் 1.81 என்று காட்டும். 64 ஜிபி பென்டிரைவ் 60ஐக்கூடத் தொடாது.

ஆனால் 931 காட்டுவதாலேயே டிஸ்க் அசல் என்றும் சொல்லிவிட முடியாது. போலிகளில் ஃபர்ம்வேரையே, அதாவது டிஸ்க்கை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளையே மாற்றி, 64 ஜிபி சிப்பை 1 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகும் காப்பி ஆவதுபோலவே இருக்கும். கோப்புப் பெயர்களும் தெரியும். திறந்தால் வீடியோ ஓடாது. நம்ப முடியாத விலைக்கு இணையத்தில் விற்கும் "16 டிபி" பாக்கெட் டிஸ்க்குகளை வாங்கவே வேண்டாம்.

சோதிக்க மென்பொருள்கள் உண்டு: விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 (F3). காலி இடம் முழுவதும் எழுதி, மறுபடி படித்து ஒப்பிடும். நொடிக்கு 100 எம்பி வேகம் என்றால் எழுத மட்டும் 2 மணி 47 நிமிடம், படிக்க ஏறக்குறைய அதே நேரம். இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம். முடிந்ததும் அது உருவாக்கிய கோப்புகளை அழித்துவிடுங்கள். கடை மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்யுங்கள்; அதுவரை மூல வீடியோக்களை கேமரா கார்டிலிருந்து அழிக்காதீர்கள்.